வேட்டித்துணியில் கட்டிய மண்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். மறதியும் வந்துவிட்டது. எழுதும்போது முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் போட்டுவிடுவேன். படிக்கிறவர்கள் மன்னித்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சும் வராது. குழுக் கூட்டத்தில் கையெழுத்துப் போட எழுந்தாலே முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். இதைப் பேசிச் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சின்னசேலத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. மலையில் மழை பெய்தால் ஒரு நாழிகையில் ஓடை செந்தண்ணியாக வந்து கரையை அறுத்துக்கொண்டு போகும். எனக்கும் என் கொழுந்தனாருக்கும் நிலம் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு வரப்பும் ஒரு வாய்க்காலும். அந்த வரப்பைப் போட்ட அன்றே ரத்தம் சிந்தியது. பாகம் பிரித்த அன்று கல் ஒரு முழம் தள்ளி நட்டிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் நுகத்தடியை எடுத்துத் தம்பி முதுகில் போட்டார். தம்பி கையில் கிடைத்த கடப்பாரையைத் திருப்பி வீசினார். அது என் காலுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி நின்றது. அப்போது என் மகன் வயிற்றில் இருந்தான். எங்கள் வீட்டில் அடி முதலில் வரும், கேள்வி பிறகு வரும். என் கீழ்வரிசைப் பல் இரண்டு போனது மோரில் உப்பு இல்லை என்பதற்காக. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தோம். என் வீட்டுக்காரர் இறந்தபோது, இனி கை ஓங்க ஆள் இல்லை என்று நினைத்தேன். மகன் வளர்ந்திருந்தான்.

நடந்தது மரவள்ளி போட்ட வருசம். வாய்க்கால் ஓரமாக ஒரு பத்து சால், பத்து வரிசைச் செடி மட்டும் இலை மஞ்சளாகி, ஓரம் தீய்ந்து, தலை தொங்கிவிட்டது. நடுக்கொல்லையில், நிலத்து நடுவில் இருந்த செடி எல்லாம் ஆள் உயரம் பச்சையாக நிற்கிறது. வரப்போரம் மட்டும் சாகிறது. மகன் பார்த்தான். கொடுவாளை எடுத்து அந்தப் பத்து சாலையும் இடுப்போடு வெட்டிச் சாய்த்தான். வெட்டும்போது அவன் செடியைப் பார்க்கவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே வெட்டினான்.

அந்தப் பக்கத்தில் வேப்பமரத்தடியில்தான் என் கொழுந்தனார் டிராக்டர் நிறுத்துவார். ஆயில் மாற்றுவதும் அங்கேதான். பழைய ஆயிலை டின்னில் பிடித்து வைப்பார். டின் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததால் மகன் தெரிந்ததாக வைத்துக்கொண்டான்.

"ராவோட ராவா வாய்க்கால்ல ஊத்தறான் யம்மா. நம்ம கொல்லிய சாவடிக்கணும்னே ஊத்தறான்" என்றான்.

"பாத்தியாடா?" என்றேன்.

"பாக்கணுமா இன்னா? செடி சொல்லுது."

நான் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஏன் என்றால் எனக்கு ஒன்று தெரியும். அந்தப் பத்து சாலுக்குத்தான் முதலில் எரு போட்டோம். மகன் கோழிப்பண்ணையில் இருந்து ஒரு லோடு கோழி எரு கொண்டுவந்து எங்கள் எருக்குழியில் கொட்டியிருந்தான். அது ஆறு மாதமாவது கிடந்து மக்க வேண்டும். மலை கறுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, மழைக்கு முன்னே போட்டுவிடலாம் என்று இரண்டாம் மாதமே வாரிவிட்டான். வண்டிப்பாதை வரப்போரம் முடிவதால் அங்கேதான் கெட்டியாகக் கொட்டினான். நான் குழிக்குள் கை விட்டுப் பார்த்தேன். கொதிக்கிற சோற்றில் கை விட்ட மாதிரி சுட்டது. விரல் நுனி சிவந்துபோனது. இது இன்னும் ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால் கத்துவான் என்று கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு காலேஜ் அம்மா வந்தார்கள். மண்ணையும் எருவையும் விளக்கு வைத்துப் பார்க்கிறவர்கள். ஊதா வெளிச்சம் பட்டால் சில பொருள் தானாக வேறு நிறத்தில் ஒளிருமாம். அதைக் கேமராவில் படம் பிடித்தால் மண்ணில் இன்னது கலந்திருக்கிறது, எரு மக்கிவிட்டது, மக்கவில்லை என்று தெரியுமாம். ஆளுக்கு மூன்று பிடி கொண்டுவரச் சொன்னார்கள். வரப்போரத்து மண் ஒன்று, நடுக்கொல்லை மண் ஒன்று, எருக்குழியில் இருந்து ஒன்று. அதற்கு ஆளுக்கு மூன்று ஜிப் கவர் கொடுத்தார்கள். விரலால் ஒரு இழு இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது.

அவ்வளவு நல்ல கவரில் மண்ணைப் போட எனக்கு மனம் வரவில்லை. என் ரேஷன் கார்டு முனை எல்லாம் கரையான் தின்ற மாதிரி ஆகியிருந்தது. ஒரு கவரில் ரேஷன் கார்டைப் போட்டேன். ஒன்றில் பேங்க் புஸ்தகம். ஒன்றில் பட்டாவையும் என் வீட்டுக்காரர் இறப்புச் சான்றிதழையும் மடித்துப் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

மண்ணுக்கு அவருடைய பழைய வேட்டியைக் கிழித்தேன். படித்தவர்கள் கையில் கொடுப்பது, அழுக்குத் துணியில் கட்டிக் கொடுத்தால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம். சோப்புத்தூள் இரண்டு கை அள்ளிப் போட்டு ஊறவைத்துத் துவைத்தேன். சொட்டு நீலமும் விட்டேன். அன்றைக்குப் பைப்பில் தண்ணீர் வரவில்லை. ஒரே அலசு அலசி, முழுக்கக் காயாமலே மூன்று துண்டு மட்டும் எடுத்து மூன்றிலும் மண் கட்டினேன். மிச்சத்தை மடித்து வைத்தேன். வரப்போரத்து மண் வாய்க்கால் ஈரத்தோடு சேறாக இருந்தது. அது கட்டின உடனே துணியை நனைத்துச் சொட்டியது. இரண்டு நாள் அப்படியே கட்டிக் கிடந்தது.

குழுக் கட்டடத்தில் ஜன்னலுக்கு எல்லாம் கறுப்புத் துணி அடித்து, பட்டப்பகலில் அறையை இருட்டாக்கினார்கள். மேசை மேல் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே ஊதா விளக்கு. மேலே ஓட்டையில் கேமரா. படம் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் தெரியும். பார்க்க வந்தவர்களில் என் மகனும் நின்றான். காலேஜ் அம்மா முதலில் சுத்தமான மணலில் ஒரு சொட்டு ஆயில் விட்டுக் காட்டினார்கள். கறுப்பில் அந்தச் சொட்டு மட்டும் நீலமாகக் கண் திறந்தது.

"ஆயில் கலந்திருந்தா இந்த மாதிரி தெரியும். நல்லா மக்கின எரு மங்கலா, மஞ்சளும் பழுப்புமா தெரியும். மக்காதது வெளுத்துத் தெரியும்" என்றார்கள்.

ஒவ்வொருத்தர் தட்டாக வைத்தார்கள். மண்ணு மண்ணாகவே கிடந்தது. அங்கங்கே பிளாஸ்டிக் துணுக்கு மின்னியது. என்னுடையதை அவர்களோடு வந்த ஆள் துணியில் இருந்து அவிழ்த்து, துணியை ஓரமாகப் போட்டுவிட்டு, தட்டில் கொட்டி வைத்தான். நடுக்கொல்லை மண்ணில் நீலப் பொட்டு. எருவில் நீலப் பொட்டு. வரப்போரத்து மண்ணை வைத்தபோது தட்டு முழுக்க நீலம் பிடித்து எரிந்தது. பெண்கள் எல்லாம் அம்மாடி என்றார்கள்.

"இது முடிவு இல்லைங்க" என்று காலேஜ் அம்மா கையை ஆட்டிச் சொன்னார்கள். "ஆயிலாவும் இருக்கலாம், சோப்பாவும் இருக்கலாம், வேற எதாவும் இருக்கலாம். காலேஜ்ல வெச்சுப் பாத்துட்டுதான் சொல்லணும்."

மகன் அதைக் கேட்டானா தெரியாது. செல்போனில் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் எழுந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட எனக்குக் கூச்சம். ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனதில் பின்தங்கிவிட்டேன். அந்தக் கூச்சம் இல்லாமல் ஓடியிருந்தால் முன்னே போயிருப்பேனோ என்று இன்றைக்கும் நினைப்பேன்.

நான் வரப்புக்குப் போனபோது கொழுந்தனார் டிராக்டர் அடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. மகன் அந்தக் காலை உதைத்தான்.

"வெளிய வாய்யா."

"எவன்டா அது மரியாத கம்மியா?" அவர் புரண்டு வெளியே வந்து எழுந்து, இடது கையை டயர் மேல் ஊன்றிக்கொண்டு நின்றார். வலது கையில் ஸ்பேனர்.

மகன் செல்போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். "பாரு. காலேஜ்ல கண்டுபுடிச்சிட்டாங்க. நீ ஊத்தின ஆயிலு."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாடா இது, சாமி படத்துக்குப் போடற சீரியல் லைட்டு மாதிரி இருக்குது. இத காட்டி பயமுறுத்த வந்தியா? போடா, போய் உங்கம்மாவ கூப்பிட்டுக்கினு ஆஸ்பத்திரிக்குப் போய் கண்ண காட்டு."

அந்தச் சிரிப்புதான். மகன் பக்கத்தில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தான். அவர் ஸ்பேனரை வீசினார். அது மகன் நெற்றியைக் கிழித்து, புருவத்தில் இருந்து வாய் வரைக்கும் ரத்தம் ஒழுகியது. அவன் அதைத் துடைக்கவே இல்லை. மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஓங்கி ஒரே போடு. டயர் மேல் ஊன்றியிருந்த கை மேல் விழுந்தது. காய்ந்த மரவள்ளிக் குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. கை அவர் தோளில்தான் தொங்கியது, ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே வேறு யாருடைய கையோ மாதிரி திரும்பிக்கொண்டது. அவர் அலறவில்லை. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மகன் இரண்டாவது தடவை ஓங்கினான். நான் காம்பைப் பிடித்துத் தொங்கினேன். என்னையும் சேர்த்து இழுத்து வரப்பில் அடித்தான். வாயெல்லாம் மண். எந்த மண்ணுக்காக அடித்துக்கொண்டார்களோ அந்த மண்.

அவரை ஆட்டோவில் போட்டுக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். பொழுது சாயும்போது என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனார் பெண்சாதி, டீசல் கேனோடு என் வீட்டுப் பின்பக்கம் வந்தாள். அவள் ரவிக்கையில் அவர் ரத்தம் காய்ந்து இருந்தது. நேராக எருக்குழிக்குப் போய் டீசலைக் கொட்டினாள்.

"மண்ணு மண்ணுன்னு சாவறீங்களே, இந்தா, நெருப்ப தின்னுங்க" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என் தலைமயிரைச் சுற்றிப் பிடித்துக் குழி ஓரமாக இழுத்தாள். நான் அவள் கையைக் கடித்தேன். இந்த வயதில் என் வாயில் இருக்கிற பல்லை எல்லாம் வைத்துக் கடித்தேன். அவள் என் காதைப் பிடித்து இழுக்க, தோடு சதையை அறுத்துக்கொண்டு அவள் கையோடு போனது. என் இடது காது இன்றைக்கும் இரண்டாகப் பிளந்துதான் இருக்கிறது. தீக்குச்சியை எப்போது போட்டாள் தெரியாது. குபீர் என்று பிடித்ததும் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி விட்டுவிட்டு ஓடினோம். எரு மேலே அணைந்தும் உள்ளே மூன்று நாள் புகைந்தது. கோழி இறகு தீய்ந்த நாற்றம் ஊர் முழுக்க.

போலீஸில் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தார்கள். மகனைப் பிடித்துக்கொண்டு போய், பிறகு ஜாமீனில் விட்டார்கள். ஊர் மகன் பக்கம் நின்றது. பூமிக்கு விஷம் ஊற்றினவன் கை ஒடிந்தது சரிதான் என்று டீக்கடையில் பேசினார்கள். கொழுந்தனார் டிராக்டரை யாரும் உழவுக்குக் கூப்பிடவில்லை. யாரோ அதன் விளக்கைக் கல்லால் உடைத்தார்கள். டயரைக் கத்தியால் கிழித்தார்கள். ஒரு நாள் காலையில் அவர்கள் மாட்டுத்தொட்டியில் யாரோ கறுப்பு ஆயிலை ஊற்றியிருந்தார்கள். ஓரகத்தி பார்ப்பதற்குள் அவர்கள் கறவைப் பசு குடித்துவிட்டது. வயிறு உப்பி, நுரை தள்ளி, காலை உதைத்து உதைத்து மூன்றாம் நாள் செத்தது. அது உதைத்த சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. செய்தது தான் இல்லை என்று மகன் என் தலையில் கை வைத்துச் சொன்னான். நான் நம்புகிறேன். ஆனால் செய்தவன் யாராக இருந்தாலும் என் தட்டில் எரிந்த நீலத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்தான்.

பெரியவர்கள் கூடி ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்தையும் வைத்து ராஜி பேசுவதாக முடிவானது. எங்கள் வக்கீல் என் மகனிடம் சொல்லியிருந்தார், ஆயில் ஊற்றினேன் என்று சித்தப்பா ஒத்துக்கொண்டு ராஜிக்கு வந்தால் கேஸ் லேசாகிவிடும் என்று. கொழுந்தனார் மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பசு செத்த பிறகு அவரும் இறங்கிவிட்டார் என்று பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னே, உச்சி வெயிலில், காலேஜ் அம்மா என் வீட்டுக்கே வந்தார்கள். முகம் வாடியிருந்தது. "நாங்க காலேஜ்ல பாத்தோம்மா. ஆயிலும் நீலமாத்தான் தெரியும், ஆனா இது அந்த நீலம் இல்ல. உங்க மண்ண திரும்ப எடுக்கணும்" என்றார்கள். பழைய தகராறு தெரியாமல் விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டேனே என்று வருத்தப்பட்டார்கள். அவர்களே கொல்லைக்கு வந்து, கண்ணாடிப் பாட்டிலில், ஸ்டீல் கரண்டியால் வரப்போரத்து மண்ணை எடுத்தார்கள். எருக்குழியில் அடியில் எரியாமல் கிடந்ததையும் எடுத்தார்கள்.

பிறகு பாரத்தில் எழுத ரேஷன் கார்டு கேட்டார்கள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். கார்டு ஜிப் கவரில் இருந்தது. அதை வாங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார்கள்.

"இது நாங்க குடுத்த கவராச்சே. அப்ப மண்ண எதுலம்மா கட்டினீங்க?"

வேட்டியில் மிச்சம் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

தானியம் போட்டு வைக்கிற என் தவச அறையில் ஜன்னலுக்குச் சாக்கு மாட்டி, கதவைச் சாத்தினார்கள். பையில் இருந்து கையடக்கமான ஊதா விளக்கை எடுத்து முதலில் பாட்டிலில் இருந்த மண்ணைக் கொட்டிக் காட்டினார்கள். மண் கறுப்பாகவே கிடந்தது. ஆயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. எருவைக் காட்டினார்கள். வெளுத்துத் தெரிந்தது. மக்கவே இல்லை என்றார்கள். இந்தச் சூடுதான் வேரைப் பொசுக்கியிருக்கிறது என்றார்கள். கடைசியில் வேட்டித்துண்டு மேல் விளக்கைப் பிடித்தார்கள். அது அந்த இருட்டில் நீலமாக எரிந்தது. அதே நீலம். துணியைத் தூக்கினபோது உதிர்ந்த பஞ்சுகூட நீலமாகப் பறந்தது. சோப்புத்தூளில் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட ஒரு பொருள் போடுகிறார்களாம். ஒளிர்வது அதுதானாம்.

காலேஜ் அம்மா அரிசிமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்கள். "எதுல கட்டினீங்கன்னு அன்னிக்கே நாங்க கேட்டிருக்கணும். எங்க தப்பும் இருக்குது" என்றார்கள். அந்தச் சின்ன விளக்கை ஞாயிறு வரைக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். யாருக்குக் காட்ட வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை.

மகனுக்குத்தான் முதலில் சொன்னேன். சோறு போட்டுவிட்டுச் சொன்னேன். அவன் தட்டைச் சுவரில் அடித்தான்.

"ஆயில் இல்லன்னு நீ சொன்னா நான் ஜெயிலுக்குப் போவணும். தெரியுதா? இத்தினி வருசமா தொறக்காத வாய இப்ப இன்னாத்துக்குத் தொறக்கற?"

"எரு ஆறலன்னு எனக்குத் தெரியும்டா. கை வெச்சுப் பாத்தேன்."

"தெரிஞ்சு சொல்லாத இருந்தியா?"

அப்போதுதான் அறைந்தான். அவன் அப்பா அடிக்கிற அதே பக்கம். கிழிந்த காதில் ரத்தம் திரும்ப வந்தது. அடித்துவிட்டு அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ரத்தத்தை முந்தானையில் ஒற்றிக்கொண்டு, வேட்டித்துண்டையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு, பின்வாசலால் கொழுந்தனார் வீட்டுக்குப் போனேன். பாகம் பிரித்த பிறகு அந்த வாசப்படியை நான் மிதித்ததில்லை.

ஓரகத்தி வாசலில் துடைப்பத்தோடு நின்றாள். "இன்னா, மிச்ச காதையும் குடுத்துட்டுப் போவ வந்தியா?" என்றாள். அவள் முன்கையில் என் பல் பதிந்த இடம் கறுத்து இருந்தது.

"உள்ள வரணும்மா. கதவ சாத்தணும்" என்றேன்.

"கதவ சாத்திட்டு இன்னா பண்ணப் போற, கழுத்த நெரிக்கப் போறியா?"

உள்ளே இருந்து அவர் குரல் வந்தது. "வுடுடி. அண்ணி நம்மூட்டுக்கு வந்து எத்தினி வருசம் ஆச்சு. நெரிச்சா நெரிக்கட்டும்."

கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தார். நான் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டு வேட்டித்துண்டைக் காட்டினேன். எழும்பாத குரலில் என்ன சொன்னேனோ, கவரைச் சொன்னேன், துவைத்ததைச் சொன்னேன், எரு சுட்டதைச் சொன்னேன். துண்டை மடிக்கப் போனதில் விளக்கு திரும்பி வெளிச்சம் அவர் மேல் விழுந்தது. அவர் கட்டியிருந்த வேட்டி இடுப்பில் இருந்து கணுக்கால் வரைக்கும் நீலமாக எரிந்தது. ஓரகத்தி பின்னே நகர்ந்தாள்.

அவர் குனிந்து தன்னைப் பார்த்தார். பிறகு, "பாருடி, நான் முழுசா ஆயில்ல முங்கிக் கெடக்கறேன். என்னையும் ரெண்டா வெட்ட சொல்லு" என்றார். சிரித்தார். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. "இத்த எங்கிட்ட சொன்னா இன்னா அண்ணி ஆவப்போவுது? ஊர்ல சொல்லு. எம் மாடு செத்தது ஊர்ல."

"எனக்குப் பேச வராது தம்பி."

"எனக்குந்தான் ஒரு கையால வேட்டி கட்ட வரல."

ஞாயிற்றுக்கிழமை குழுக் கட்டடத்தில் கூடினார்கள். மகன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பெரியவர் எழுதி வைத்திருந்த ராஜியைப் படிக்க எடுத்தார். நான் எழுந்தேன். முந்தானை வாய்க்குப் போனது. அதை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆயில் இல்லை, அது என் துணியில் இருந்த சோப்பு, எருவும் ஆறவில்லை, எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பின்னால் இருந்து, "இன்னா சொல்லுது கெழவி, சத்தமா சொல்ல சொல்லு" என்று யாரோ கத்தினார்கள்.

அப்போது ஓரகத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் தோள் என் மேல் பட்டது. "அக்கா சொல்றது கேளுங்க" என்று ஆரம்பித்து, நான் முணுமுணுத்த ஒவ்வொன்றையும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எரு சுட்டதைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அதையும் சொன்னாள்.

மகன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். கால் ஒடிந்து பறந்து ஒரு கிழவர் மேல் விழுந்தது. ராஜி நின்றுபோனது. கேஸ் இன்னும் நடக்கிறது. மகன் தியாகதுருகத்தில் செங்கல் சூளையில் இருந்துகொண்டு வாய்தாவுக்கு வந்து போகிறான். வீட்டுக்கு வருவதில்லை. போன வாய்தாவில் கோர்ட் வாசலில் அவன் சித்தப்பாவைப் பார்த்து எழுந்து நின்றானாம். இவர் நிற்காமல் உள்ளே போய்விட்டாராம். அவருடைய இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் மடங்குவதில்லை. டிராக்டரை உழவுக்குக் கூப்பிடுகிறார்கள். பசுவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நான் குழியைத் திரும்ப வெட்டியிருக்கிறேன். இப்போது கை வைத்துப் பார்த்துச் சூடு இருந்தால் சூடு என்று வாயால் சொல்கிறேன், கேட்க ஆள் இல்லாவிட்டாலும். குழுவில் மண் கொண்டுவருகிறவர்களுக்கு என் பக்கத்து விசயமாக ஒன்றை மட்டும் எழுதிவிட வேண்டும். கொடுத்த கவரிலேயே போடுங்கள். ரேஷன் கார்டு எப்படியாவது கிடக்கட்டும்.

இதை அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எரு மக்கினால் எந்த நிறம், மக்காவிட்டால் எந்த நிறம் என்று நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். காலேஜ் அம்மாவைக் கேட்டால் தெரியும். பசு செத்தது மூன்றாம் நாளா நாலாம் நாளா என்றும் எனக்குச் சந்தேகம். மற்றதை எல்லாம் என் ஓரகத்தியிடம் படித்துக் காட்டிக் கேளுங்கள். பக்கத்து வீடுதான். அவள் சொல்வது வேறாக இருந்தால், என்னுடையதை அடித்துவிட்டு அவள் சொல்வதையே போட்டுக்கொள்ளுங்கள்.